மூன்று தட்டுக்கு மூன்று தட்டு

என் பெரியம்மா வேலை பார்க்கும் இடத்தில் அவளுக்குப் பெயர் ‘சாவி’. "சாவி வந்தாச்சா?" "அதைச் சாவிகிட்ட கேளு." "சாவிக்கு இன்னைக்கு உடம்பு சரியில்லையாம், கக்கூஸ் திறக்கல." இடுப்பில் தொங்கும் அந்த வளையத்தைப் பார்த்தால் உங்களுக்கும் வேறு பெயர் தோன்றாது. அவ்வளவு சாவி! அவள் நடந்தால் முதலில் சத்தம் வரும், பிறகுதான் ஆள் வருவாள்.

பெரிய பஸ் ஸ்டாண்டுக்கு அடியில் ஓடும் சுரங்கப்பாதைதான் அவள் வேலை இடம். இரண்டு முனையிலும் படிக்கட்டு. நடுவில் இரண்டு பக்கமும் சின்னச் சின்னக் கடைகள். செல்போன் கவர், பெல்ட், வாட்ச் பேட்டரி, பை, குடை. மேலே பஸ் திரும்பினால் கூரை லேசாக அதிரும். காற்றை வெளியே தள்ளும் பெரிய மின்விசிறி ஒன்று நாள் முழுக்க, ராத்திரி முழுக்க ஒரே சுருதியில் உறுமிக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரம் இருந்தால் அந்தச் சத்தம் காதில் விழாது. வெளியே வந்த பிறகுதான், அடடா இவ்வளவு நேரம் இதற்குள்ளேயா இருந்தோம் என்று தோன்றும்.

காலையில் இரண்டு முனை இரும்புக் கதவுகளையும் திறப்பது, கழிப்பறையைத் திறந்து கழுவ வைப்பது, இரவில் எல்லோரும் போன பிறகு விளக்கை அணைத்துப் பூட்டுவது. இதுதான் வேலை. ஆனால் பூட்டுவதற்கு முன்னால் பெரியம்மா ஒன்று செய்வாள். அதை யாரும் அவளைச் செய்யச் சொல்லவில்லை. ஒவ்வொரு கடை ஷட்டரிலும் விரல் முட்டியால் மெதுவாக மூன்று தட்டு தட்டுவாள். காதைத் தகரத்தில் வைப்பாள். கொஞ்சம் நிற்பாள். அடுத்த கடைக்குப் போவாள்.

"சாவிம்மா, உள்ள யாரு, உங்க வீட்டுக்காரரா?" என்று பெல்ட் கடைப் பையன்கள் கேட்பார்கள்.

"இருந்தா உங்க கடைக்கே அனுப்பிடுறேன். நீங்களே வெச்சு சோறு போடுங்க."

அவள் வீட்டுக்காரர் லாரி ஓட்டியவர். ரொம்ப முன்னாலேயே போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. அதையெல்லாம் தெரிந்துகொண்டே அவளிடம் அப்படி விளையாடுவார்கள், அவளும் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுப்பாள். ஆனால் இடது வரிசையில் கடைசிக்கு முந்தின ஷட்டர் வந்ததும் சிரிப்பு நின்றுவிடும். இப்போது அது பைக்கடைக்காரரின் சரக்கு அறை. ஒரு காலத்தில் கண்ணாடிக் கடை. முகம் பார்க்கும் கண்ணாடி, சட்டம் போட்ட கண்ணாடி, ஆள் உயரக் கண்ணாடி. அந்த ஷட்டரில் மட்டும் தட்டிவிட்டு நின்றுகொண்டே இருப்பாள். பார்க்கிறவனுக்குக் கால் வலிக்கும்.

எங்கள் வீட்டுக்கு வந்து இருந்துவிடு என்று என் அம்மா, அதாவது அவளுடைய தங்கை, வருஷக்கணக்காகக் கூப்பிடுகிறாள். முட்டி வலி வேறு. பெரியம்மா வரமாட்டேன் என்பாள். ஏன் என்று கேட்டால் ஒரே பதில்தான்.

"அங்க உள்ள இருந்தது யாருன்னு தெரியாம நான் எப்படிடி வர்றது?"

அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

*

பெரியம்மாவும் அம்மாவும் வளர்ந்த வீடு ஒரே ஒரு அறை. அவர்களுடைய அப்பாவுக்குச் செய்தித்தாள் அச்சடிக்கும் இடத்தில் ராத்திரி வேலை. விடிந்தபிறகு வீட்டுக்கு வந்து, மை வாசத்தோடு அப்படியே சுவர் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். அவர் தூங்கும் நேரம்தான் பிள்ளைகள் விளையாடும் நேரம். ஒரு கரண்டி கீழே விழுந்தால் போதும், எழுந்து உட்கார்ந்துவிடுவார். அடிக்க மாட்டார். அப்படியே சிவந்த கண்ணோடு பார்ப்பார். அதற்கு அடியே தேவலாம் என்பாள் அம்மா.

அதனால் அந்த வீட்டில் யாரும் கூப்பிடமாட்டார்கள். கத்தமாட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கதவில் விரல் முட்டியால் மெதுவாக மூன்று தட்டு. அப்படியென்றால் ‘நான்தான்’. உள்ளே இருந்து இரண்டு தட்டு வரும். ‘கேட்டுச்சு, இரு, வர்றேன்.’ இருட்டில் பாயில் படுத்துக்கொண்டு ஒருத்தி இன்னொருத்தியின் முதுகில் மூன்று தட்டுவாள். அவள் இரண்டு தட்டுவாள். அதோடு சண்டை முடிந்தது என்று அர்த்தம்.

"பேசப் பழகுறதுக்கு முன்னாடியே நாங்க தட்டப் பழகிட்டோம்" என்பாள் பெரியம்மா.

"அதுக்கெல்லாம் சேர்த்துத்தான் இப்ப நான் பேசறேன்" என்பாள் அம்மா. உண்மைதான். என் அம்மா பேச ஆரம்பித்தால் டிவியை அணைத்துவிடலாம். பெரியம்மா மட்டும் மாறவே இல்லை. அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அவளிடம் சத்தம் போடுவது அந்தச் சாவிக்கொத்து ஒன்றுதான்.

பெரியம்மாவுக்குப் பத்து வயது இருக்கும், அம்மாவுக்கு ஆறு. அவர்களுடைய அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. இரண்டு பெண்களையும் பெரிய நகரத்தில் இருக்கும் மாமா வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவானது. அப்பாவே பஸ் ஏற்றிவிட்டார். மாமா பஸ் ஸ்டாண்டுக்கு வந்து அழைத்துப்போவார்.

வழியில் பஸ் கெட்டுப்போய் நின்றது. வேறு பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போய்ச் சேரும்போது நன்றாக இருட்டிவிட்டது. அதுவரைக்கும் காத்திருந்த மாமாவிடம் யாரோ ஒரு புண்ணியவான், "அந்தப் பஸ்ஸா? அது இனிமே காலையிலதான்" என்று சொல்லியிருக்கிறார். மாமா வீட்டுக்குப் போய்விட்டார்.

இரண்டு பேரும் துணிப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பஸ் நின்ற இடத்திலேயே நின்றார்கள். கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. டீக்கடைக்காரர் பாய்லரைக் கவிழ்த்தார். இரண்டு ஆண்கள் இவர்களையே பார்த்துக்கொண்டு பீடி குடித்தார்கள். பெரியம்மாவுக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை. கீழே போகும் படிக்கட்டில் வெளிச்சம் தெரிந்தது. தங்கையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அங்கே இறங்கிவிட்டாள்.

கீழே கண்ணாடிக் கடை இன்னும் திறந்திருந்தது. வாசலில் ஆள் உயரக் கண்ணாடி.

"அவ்ளோ பெரிய கண்ணாடியை நான் அதுக்கு முன்னாடி பார்த்ததே இல்ல" என்று அம்மா இதை எங்கள் வீட்டில் எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! "என் கால் எனக்கே தெரியுது. இவ வாவான்னு இழுக்கறா. நான் வருவேனா?"

"நீ எங்க வந்த? ‘நீ போய் மாமாவைப் பாரு, நான் என்னைப் பார்த்துட்டு இருக்கேன்’னு சொன்ன."

"ஆமா, அழகு அப்படி."

மாமா வந்துவிட்டாரா என்று ஒரு தடவை மேலே போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று பெரியம்மா நினைத்தாள். "இங்கேயே நில்லு, நகராதே" என்றாள். படியேறினாள். பஸ் ஸ்டாண்டு முழுக்க ஒரு சுற்றுப் பார்த்தாள். மாமா இல்லை. அவள் திரும்பி இறங்கும்போது கீழே ஷட்டர்கள் கடகடவென்று விழுந்துகொண்டிருந்தன. யாரோ விளக்கை அணைத்தார்கள்; முனைகளில் இரும்புக் கதவெல்லாம் அப்போது கிடையாது. படிக்கட்டிலிருந்து விழும் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். கண்ணாடிக் கடை பூட்டியிருந்தது. தங்கையைக் காணோம்.

வேறு பிள்ளையாக இருந்தால் என்ன செய்திருக்கும்? கத்தியிருக்கும். பெயர் சொல்லி, ஊரே எழுந்திருக்கிற மாதிரி கூப்பிட்டிருக்கும். அப்போதே யாராவது ஓடிவந்திருப்பார்கள். பெரியம்மாவுக்குக் கத்த வரவில்லை. வாயைத் திறந்தாளாம், காற்றுதான் வந்ததாம். தங்கை கடைசியாக நின்ற இடம் அந்தக் கடை. அப்படியென்றால் உள்ளே போய்க் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தபோது பூட்டிவிட்டார்கள். பத்து வயசு மூளை அதைத்தான் நினைத்தது. ஷட்டர் பக்கத்தில் உட்கார்ந்து, விரல் முட்டியால் மெதுவாக மூன்று தட்டினாள்.

நான்தான்.

உள்ளே இருந்து பதில் வந்தது. மூன்று தட்டு.

இரண்டு வர வேண்டிய இடத்தில் மூன்று. பயத்தில் சின்னவளுக்கு மறந்துவிட்டது என்று பெரியம்மா நினைத்தாள். திரும்பத் தட்டினாள். மூன்று வந்தது. தகரத்தோடு வாயை வைத்து, "அழாதே, நான் இங்கதான் இருக்கேன், போகமாட்டேன்" என்று கிசுகிசுத்தாள். மின்விசிறி உறுமலில் அவளுக்கே அது கேட்கவில்லை.

ராத்திரி முழுக்க அப்படியே போனது. முதுகை ஷட்டரில் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். தகரம் ஐஸ் மாதிரி இருந்தது. கண் சொருகும்போது உள்ளே இருந்து மூன்று தட்டு வரும். எழுந்து இவள் தட்டுவாள். கொஞ்ச நேரம் அங்கே சத்தம் இல்லையென்றால் இவளுக்குப் பயம் வந்து தட்டுவாள். உடனே பதில் வரும்.

"நான் தூங்கினா அது எழுப்பும். அது தூங்கினா நான் எழுப்புவேன்" என்பாள் பெரியம்மா. ‘அது’ என்றுதான் சொல்வாள்.

மேலே முதல் பஸ் கிளம்பி, கூரை அதிர்ந்து, படிக்கட்டில் வெளுப்புத் தட்டியபோது யாரோ ஓடி வருகிற செருப்புச் சத்தம். மாமா. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, வாயில் பன்னை அடைத்துக்கொண்டு, நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு, என் அம்மா.

அம்மா அந்தச் சுரங்கத்திலேயே இல்லை. கடைக்காரர் கண்ணாடியை உள்ளே எடுத்து வைத்தபோது, அக்காவைத் தேடி எதிர்முனைப் படிக்கட்டில் ஏறிவிட்டாள். அது சாலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டது. பெண்கள் காத்திருக்கும் அறையைப் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா, அழுதுகொண்டிருந்தவளைத் தூக்கி பெஞ்சில் படுக்க வைத்து, சேலைத் தலைப்பால் போர்த்திவிட்டிருக்கிறாள். விடிய விடியத் தூக்கம். காலையில் வந்த மாமா அவளை அங்கே கண்டுபிடித்து, அக்காவைத் தேடிக் கீழே ஓடிவந்திருக்கிறார்.

"என்னைக் கேட்டா அது நல்ல பெஞ்சு" என்பாள் அம்மா.

பெரியம்மா தங்கையைப் பார்த்தாள். ஷட்டரைப் பார்த்தாள். இதை அவள் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் இந்த இடத்தில் நிறுத்திவிடுவாள்.

"மாமா, உள்ள யாரோ இருக்காங்க."

"உள்ள கண்ணாடிதான் இருக்கு. நட."

"இல்ல மாமா, தட்டினா திருப்பித் தட்டுது."

மாமா பயந்துபோயிருந்தார். பயந்த மனுஷன் என்ன செய்வாரோ அதைச் செய்தார். முதுகில் ஒன்று வைத்து, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். பாதிப் படியேறும்போது பின்னால் கேட்டது. மூன்று தட்டு. கொஞ்சம் இடைவெளி விட்டுத் திரும்பவும் மூன்று. மாமாவுக்குக் கேட்கவில்லை. பன் தின்றுகொண்டிருந்தவளுக்கும் கேட்கவில்லை.

*

பெரியம்மாவின் வாழ்க்கையில் அதற்குப் பிறகு நிறைய நடந்தது. அவர்களுடைய அம்மா பிழைத்துக்கொண்டார். அப்பாவுக்குப் பகல் வேலை கிடைத்தது. வீட்டில் பேச்சுச் சத்தம் வந்தது. பெரியம்மாவுக்குக் கல்யாணம் ஆனது, இதே நகரத்துக்கு வந்தாள். துணிக் கம்பெனியில் பொத்தான் தைத்தாள். வீட்டுக்காரர் போனதும் வேலை தேடும்போது, சுரங்கப்பாதைக்குப் பூட்டுத் திறக்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டாள். துணிக் கம்பெனியைவிடச் சம்பளம் கம்மி. அன்றைக்கே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

கண்ணாடிக் கடை எப்போதோ மூடப்பட்டிருந்தது. ராத்திரியில் உள்ளே யாராவது தங்கியிருப்பார்களா என்று விசாரித்தாள். "சேச்சே, இங்க ராத்திரி ஆளே இருக்கக் கூடாதும்மா" என்றார்கள். ஆனால் கடைப் பையன்கள் புதிதாக வேலைக்கு வருகிறவர்களைப் பயமுறுத்த ஒரு கதை வைத்திருந்தார்கள். கண்ணாடிக் கடை ஷட்டரில் ராத்திரி பேய் தட்டும். பெரியம்மா அதைக் கேட்டாள். அன்றைக்கு உள்ளே யாரோ இருந்தது உண்மைதான் என்று எடுத்துக்கொண்டாள். தன் கதையை அங்கே ஒருவரிடமும் அவள் சொன்னதில்லை. சத்தம் போடாத வீட்டில் வளர்ந்தவள். கேட்க மட்டும் தெரியும்.

வேலை முடிந்து தன் ஒற்றை அறைக்குப் போய்க் கதவைப் பூட்டிய பிறகும், உள்பக்கம் நின்று கொஞ்ச நேரம் காது கொடுப்பாளாம். ராத்திரியில் மேல்வீட்டுக்காரர்கள் நாற்காலியை நகர்த்தினால் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். அவளுடைய அப்பா மாதிரியே. ஒரு தடவை நான் அவளோடு தங்கியிருந்தேன். நள்ளிரவில் விழித்தால், சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். விரல் தரையில் தானாகத் தட்டிக்கொண்டிருக்கிறது. மூன்று. நிறுத்தம். மூன்று.

"பெரியம்மா, பேயா இருந்தா விட்டுடலாமே. நமக்கென்ன?"

"பேயா இருந்தா பரவாயில்லடா கண்ணு. குழந்தையா இருந்தா?"



*

போன மாதம் அம்மா ஒரு முடிவோடு கிளம்பினாள். "இந்தத் தடவை அவளைப் பெட்டியோட கூட்டிட்டு வரேன்." எங்கள் வீட்டிலேயே பெரிய சூட்கேஸை எடுத்துக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு வந்தாள். வந்து இறங்கினால் சூட்கேஸ் பூட்டு திறக்கவில்லை.

சுரங்கப்பாதைப் படிக்கட்டு ஓரத்தில் ஒரு பூட்டு ரிப்பேர்க்காரர் உட்கார்ந்திருப்பார். பெரியம்மாவின் சாவிகளுக்கெல்லாம் நகல் செய்து தந்தவர் அவர்தான். பெரியம்மா கழிப்பறைப் பக்கம் இருந்தாள். அம்மா சூட்கேஸை அவர் முன்னால் வைத்துவிட்டு, சும்மா இருப்பாளா? ஆரம்பித்துவிட்டாள்.

"எங்கக்காவுக்கு இந்த இடத்தைவிட்டு வர மனசே இல்லைங்க அண்ணே. ஏன் தெரியுமா? பேய்க்காக!"

"சாவிம்மாவா?" அவர் அரத்தால் சாவியைத் தேய்த்துக்கொண்டே சிரித்தார்.

அம்மா எல்லாவற்றையும் கொட்டினாள். பஸ், மாமா, தன் அழகு, பெஞ்சு. "நான் பாட்டுக்கு அங்க தூங்கறேன், இவ இங்க கண்ணாடிக் கடை ஷட்டர்ல விடிய விடியத் தட்டிட்டிருக்கா. இவ மூணு தட்டினா உள்ள இருந்தும் மூணாம்!"

அரம் நின்றது.

"தட்டினது உங்க அக்காவா?"

"ஆமா, அவதான்."

அவர் கையிலிருந்த சாவியைக் கீழே வைத்தார். "உங்க அக்காவைக் கூப்பிடும்மா" என்றார்.

பெரியம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். அவர் நிமிர்ந்து அவளைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தபடியே பேசினார்.

"பசங்க சொல்ற பேய்க்கதை இருக்கே, அதை முதல்ல சொன்னவன் நான்தான். அவனுங்க அதைத் தலைகீழா ஆக்கிட்டானுங்க. பேய் உள்ள இருந்து தட்டல சாவிம்மா. வெளிய இருந்து தட்டுச்சு."

பெரியம்மா ஒன்றும் புரியாமல் பார்த்தாள்.

"கண்ணாடிக் கடையில துடைக்கிற வேலைக்கு ஒரு சின்னப் பொண்ணு இருந்துச்சு. உங்க வயசுதான் இருக்கும் அப்போ. எங்கிருந்தோ கூட்டிட்டு வந்திருந்தாரு முதலாளி. ராத்திரி அதை உள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போயிடுவாரு. படுக்க இடமும் ஆச்சு, சரக்குக்குக் காவலும் ஆச்சுன்னு. யாரு தட்டினாலும் குரல் குடுக்கக் கூடாதுன்னு மிரட்டி வெச்சிருந்தாரு. வெளிய தெரிஞ்சா வம்பாச்சே. அப்ப நான் வேலை கத்துட்டிருந்த பையன். அந்தப் பூட்டைச் செஞ்சு குடுத்ததே நான்தான். அதனாலதான் இதுவரைக்கும் யார்கிட்டயும் முழுசா சொன்னதில்ல."

பெரியம்மா படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சாவிக்கொத்து படியில் மோதிய சத்தத்தில் எங்கள் மூன்று பேருக்கும் தூக்கிவாரிப் போட்டது.

"ஒருநாள் காலையில வந்தேன். அந்தப் பொண்ணு முகமெல்லாம் பல்லு. ‘அண்ணா, ராத்திரி ஒரு பேய் வந்துச்சு. நல்ல பேய். நான் தூங்கவே இல்ல. நான் தட்டினா அதுவும் தட்டுச்சு’ன்னு சொல்லுச்சு. பயம்னா என்னன்னே தெரியல அதுக்கு. அப்புறம் தினமும் தட்டிப் பார்த்திருக்கு போல. காலையில கேட்டா, ‘வரலண்ணா, கோவிச்சுக்கிச்சு’ங்கும். கொஞ்ச நாள்ல அந்தப் பொண்ணுக்கே கோவம் வந்துடுச்சு. ‘அந்தப் பேய் கெட்ட பேய், சொல்லாம போயிடுச்சு’ன்னு."

"அப்புறம்?" பெரியம்மாவின் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் நிமிர்ந்து அவள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

"முதலாளி கடையை எடுத்துட்டு வேற ஊருக்குப் போயிட்டாரு. கூடவே கூட்டிட்டுப் போனாரு. அதுக்கப்புறம் தெரியாது. சத்தியமா தெரியாது சாவிம்மா."

என் அம்மா, எதற்கும் ஒரு வார்த்தை வைத்திருக்கும் என் அம்மா, சூட்கேஸ் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

*

அன்று இரவு கடைகள் மூடியபிறகு பெரியம்மா பைக்கடைக்காரரிடம் சரக்கு அறைச் சாவியைக் கேட்டு வாங்கினாள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஷட்டரைத் தூக்கினோம். உள்ளே அட்டைப்பெட்டிகள், பிளாஸ்டிக் வாடை. பின்சுவரில் மட்டும் கண்ணாடி மாட்டிய பழைய ஆணிகள் வரிசையாகத் துருப்பிடித்து நின்றன. அவ்வளவு சின்ன அறை. படுத்தால் கால் நீட்ட முடியாது. இதில் ஆள் உயரக் கண்ணாடிகளுக்கு நடுவில் ஒரு பெண். இருட்டில் தன் முகம்கூடத் துணைக்கு இல்லாமல்.

பெரியம்மா உள்ளே போனாள். பெட்டிகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்தாள்.

"சின்னவளே, ஷட்டரை இறக்கு."

"ஏக்கா, உனக்கென்ன பைத்தியமா? மூச்சு முட்டும்."

"இறக்குடி. இறக்கிட்டுத் தட்டு."

அம்மா என்னைப் பார்த்தாள். நானும் அவளும் சேர்ந்து இறக்கினோம். பூட்டவில்லை. ஆனாலும் ஷட்டர் தரையில் உட்கார்ந்த அந்தச் சத்தம் இப்போது எழுதும்போதும் காதில் இருக்கிறது.

அம்மா கீழே உட்கார்ந்தாள். தன் அக்கா உட்கார்ந்த அதே இடம். அந்த ராத்திரி முழுக்க இவள் பெஞ்சில் தூங்கித் தீர்த்தாள். விரல் முட்டியால் மூன்று தட்டினாள்.

ஒன்றுமில்லை. மின்விசிறி உறுமியது.

திரும்பவும் மூன்று தட்டினாள்.

உள்ளே இருந்து வந்தது. இரண்டு இல்லை. மூன்று.

அம்மா கையை ஷட்டரிலிருந்து எடுத்துவிட்டாள். சுட்டது மாதிரி. அவள் கண் நிறைந்து வழிந்தது. எங்கள் வீட்டில் எத்தனை தடவை சிரித்துச் சிரித்துச் சொன்ன கதை! இத்தனை வருஷமாக அதை அவள் இந்தப் பக்கத்திலிருந்து கேட்டதே இல்லை. திரும்பத் தட்டினாள். மூன்று வந்தது. அம்மா தட்ட, உள்ளே தட்ட, நான் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"திறக்கலாமாம்மா?"

"இரு."

பெல்ட் கடைப் பையன்கள் பூட்டிவிட்டுக் கிளம்பியவர்கள், படிக்கட்டில் நின்றுவிட்டார்கள். ஒருவனும் கிண்டல் செய்யவில்லை. பூட்டுக்காரர் தன் பெட்டியை மூடாமல் உட்கார்ந்திருந்தார்.

அப்போது உள்ளே இருந்து ஒரு குரல். மின்விசிறியைத் தாண்டி, ஷட்டரைத் தாண்டி, சுரங்கம் முழுக்க மோதித் திரும்பிய குரல். பெரியம்மாவின் குரல்தான். இப்படி அதை நான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை, அம்மாவும் கேட்டதில்லை.

"யாரு வெளியே?"

அந்தப் பழைய ராத்திரியில் இரண்டு பக்கமும் யாருமே கேட்காத கேள்வி. ஒருத்தி வீட்டில் கத்திப் பழகாதவள். இன்னொருத்தி கத்தக் கூடாது என்று பூட்டி வைக்கப்பட்டவள்.

"நான்தான்கா!" அம்மா இரண்டு கையாலும் ஷட்டரை அறைந்தாள். "நான் சின்னவ! இங்கதான் இருக்கேன்! எங்கேயும் போகல!"

பையன்கள் ஓடிவந்து ஷட்டரைத் தூக்கினார்கள். பெரியம்மா வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தாள். முகம் வேர்த்திருந்தது. தங்கையின் கன்னத்தைத் துடைத்துவிட்டு, "இதுக்கு ஏன்டி அழறே, நான்தானே உள்ள இருந்தேன்" என்றாள்.

மறுநாள் சாவிக்கொத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டாள். இடுப்பில் அது இல்லாமல் அவள் நடப்பதைப் பார்க்க யாரோ மாதிரி இருந்தது, சத்தமே இல்லை. பூட்டுக்காரர் சூட்கேஸ் ரிப்பேருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். நாங்கள் படியேறினோம்.

பாதிப் படியில் பெரியம்மா நின்றாள். நாங்களும் நின்றோம். கீழே கடைகள் திறந்துகொண்டிருந்தன. பாட்டுச் சத்தம், பேரம், ஷட்டர்கள் மேலே ஏறும் சத்தம். அதற்குள் அவள் எதையோ தேடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"வாக்கா. அதான் யாருன்னு தெரிஞ்சுபோச்சே" என்றாள் அம்மா.

"தெரிஞ்சுபோச்சு." பெரியம்மா கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அடுத்த படியில் காலை வைத்தாள். "கோவத்தோட போயிருக்காளே. நான் திரும்பி வந்தேன்னு அவகிட்ட யாருடி சொல்றது?"